நெய்வேலி இயந்திரம் சுமந்த இரு பெயர்கள்: யூத வெறுப்பின் பிறப்பும் பரவலும்

ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிராக எழுந்த இனவெறுப்பைப் பற்றித் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பேசத் தொடங்கும்போது இரண்டு தயக்கங்கள் குறுக்கிடுகின்றன. அது எங்கோ தொலைவில் நடந்து முடிந்த கதை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது ஒன்று. ஃபலஸ்தீன மண்ணில் அநீதி தொடரும் வேளையில் யூதர்கள் அனுபவித்த துன்பத்தை எடுத்துரைத்தால் ஃபலஸ்தீனத்தின் வழக்கு வலுவிழந்துவிடுமோ என்பது மற்றொன்று. இவ்விரு தயக்கங்களும் வரலாற்றின் முன் நிற்கத்தக்கவை அல்ல. அந்த வெறுப்பு எங்கே பிறந்தது, எவ்வாறு பரப்பப்பட்டது என்று ஆராய்ந்தால், அது நம் மார்க்கத்தில் வேர்கொண்டதன்று என்பதும், முஸ்லிம்களையும் இலக்காகக் கொண்ட ஒரு சிந்தனையின் கிளை என்பதும் புலனாகும். தொலைவில் நடந்தது என்னும் எண்ணத்தைக் களைய நாம் பெர்லினுக்குப் போக வேண்டியதில்லை, நெய்வேலியிலிருந்தே தொடங்கலாம்.

சுரங்கத்தில் ஒரு பெயர்ப்பலகை

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கதைக்குத் தொடக்கம். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க அகழ்வைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் மேல்மண்ணோடும், கடினமான கடலூர் மணற்கல்லோடும், அடியிலிருந்து அழுத்தும் ஊற்றுநீரோடும் நடந்த போராட்டமாகும். அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாடு துணைநின்றது. மண்ணை வெட்டும் இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன.

'பக்கெட் வீல்' என்று நகரியத்தில் குழந்தைகளும் அறிந்திருக்கும் அந்த இராட்சத இயந்திரங்களைச் செய்தளித்த நிறுவனங்களுள் ஒன்று 'ஓ அண்ட் கே'. அதன் விரிவு ஓரன்ஷ்டைன், கோப்பல் என்னும் இரு மனிதர்களின் பெயர்கள். பென்னோ ஓரன்ஷ்டைனும் ஆர்தர் கோப்பலும் 1876-இல் பெர்லினில் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. இருவரும் யூதர்கள். சிறிய இருப்புப் பாதைகளுக்கான தண்டவாளங்கள், பெட்டிகள், நீராவி எஞ்சின்கள் ஆகியவற்றைச் செய்து உலகெங்கும் விற்று அந்நிறுவனம் புகழ்பெற்றது. இந்தியாவுடனான அதன் உறவும் பழையது. பம்பாய்க்கு அருகே மாத்தேரான் மலைக்கு 1907-இல் இரயில் பாதை அமைத்தவர், போரா முஸ்லிம் வணிகரான சர் ஆதம்ஜி பீர்பாயின் மகன் அப்துல் ஹுசைன். அந்த மலையில் ஏறிய முதல் எஞ்சின்கள் ஓரன்ஷ்டைன் கோப்பல் தொழிற்சாலையில் செய்யப்பட்டவையே. பெர்லின் யூதரின் உலைக்களமும் பம்பாய் முஸ்லிமின் முதலீடும் அங்கே இயல்பாகக் கைகோத்திருந்தன.

1933-இல் நாஜிக்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1935-இல் ஓரன்ஷ்டைன் குடும்பத்தின் பங்குகள் வலுக்கட்டாயமாக விற்கச் செய்யப்பட்டன. நிறுவனம் பொறுப்பாளர் நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது. 1940-இல் பெயரும் மாற்றப்பட்டது. 'இயந்திரக் கட்டுமானம் மற்றும் இரயில்வே தளவாடங்கள்' என்று மட்டும் பொருள்தரும், மனிதர் எவரையும் நினைவூட்டாத ஒரு பெயர் சூட்டப்பட்டது. இதற்கு ஆட்சியாளர் இட்ட பெயர் 'ஆரியமயமாக்கல்'. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் பழைய பெயர் மீண்டது. அவ்வாறு மீண்ட பெயரைத் தாங்கிய இயந்திரங்களே நெய்வேலி மண்ணில் இறங்கின. சக்கரத்தைச் செலுத்திய நம்மவர் பலருக்கும் அவ்விரு எழுத்துகள் வெறும் வணிகக் குறியாகவே இருந்திருக்கும். ஒரு தொழிற்சாலையின் பெயரைக் கூடப் பொறுக்க மாட்டாத வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதே நம் முன்னுள்ள வினா.

மொழிக்கு இட்ட பெயர் குருதிக்கு ஏறியது

இந்த வெறுப்பின் அடிப்படையாக நின்ற 'ஆரியர்', 'ஸெமிட்டிக்' என்னும் இரு சொற்களும் மொழிநூலிலிருந்து களவாடப்பட்டவை. நூஹ் (அலை) அவர்களின் மகன் ஸாம் பெயரால், அரபு, ஹீப்ரு, சிரியாக் முதலிய மொழிகளின் குடும்பத்தை 'ஸெமிட்டிக்' என்று 1781-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லோட்ஸர் குறித்தார். சமஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவு வெளிப்பட்டபோது 'ஆரியம்' என்னும் சொல் அம்மொழிக் குடும்பத்துக்கு வழங்கலாயிற்று. 1856-இல் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் இதே ஆராய்ச்சி மரபில் எழுந்ததாகும். ஆகவே இச்சொற்களின் பயணம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று.

மொழிக் குடும்பம் என்பது வேறு, இரத்த உறவு என்பது வேறு. இதற்கு நம் சமூகமே சான்று. திராவிடக் குடும்பத்து மொழியாகிய தமிழை ஸெமிட்டிக் எழுத்தாகிய அரபியில் எழுதி, அர்வி என்னும் அரபுத்தமிழ் இலக்கியத்தையே நம் முன்னோர் வளர்த்தனர். நாவில் தமிழும் எழுத்தில் அரபும் இருக்க, அவர்தம் குருதி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வினவுவதே பேதைமை. ஆரியம் என்று தாம் குறிப்பது மொழியையே, இரத்தத்தையோ எலும்பையோ அன்று என மாக்ஸ் முல்லர் 1888-இல் தெளிவாக எழுதினார். ஆயினும் காலம் கடந்திருந்தது.

1879-இல் வில்ஹெல்ம் மார் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் 'ஸெமிட்டிக் எதிர்ப்பாளர் கழகம்' ஒன்றைத் தொடங்கினார். அச்சொல்லின் நேர்ப்பொருளின்படி அரபுகளும் அதில் அடங்க வேண்டும். ஆனால் அவர் குறித்தது யூதர்களை மட்டுமே. யூதரை வெறுக்கிறோம் என்று சொல்வதற்குப் பதிலாக அறிவியல் மணம் வீசும் ஒரு சொல்லால் அவ்வெறுப்பைப் போர்த்துவதே நோக்கம். அதுவரை ஐரோப்பியக் கிறிஸ்தவ சமூகம் யூதரைச் சமயத்தின் பெயரால் ஒடுக்கியது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபை மன்றம் யூதரும் முஸ்லிம்களும் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என விதித்தது. 1290-இல் இங்கிலாந்து யூதரை நாடு கடத்தியது. அந்த ஒடுக்குமுறையில் மதம் மாறினால் தப்பலாம் என்னும் ஒரு வாயில் இருந்தது. இனக் கோட்பாடு அந்த வாயிலையும் அடைத்தது. யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கத்தைத் தழுவித் துறவியான ஈடித் ஷ்டைன் 1942-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் எதை நம்பினார் என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

இக்கதவடைப்புக்கு ஸ்பெயினில் ஒரு முன்னோட்டம் நிகழ்ந்தது. 1449-இல் டொலேடோ நகரத்தார், கிறிஸ்தவராக மாறிய யூதர்களின் வழித்தோன்றல்கள் பொறுப்புகள் வகிக்கலாகாது எனத் தீர்மானித்தனர். 'இரத்தத் தூய்மை' என்று பெயர்பெற்ற இவ்விதி, பின்னர் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் மீதும் பாய்ந்தது. 1492-இல் யூதர்கள் வெளியேற்றப்பட்டனர்; ஞானஸ்நானம் பெற்றிருந்த மொரிஸ்கோக்கள் 1609 முதல் வெளியேற்றப்பட்டனர். ஐரோப்பாவின் முதல் குருதிச் சட்டம் யூதருக்காக எழுதப்பட்டது. முஸ்லிம்கள் அதன் இரண்டாவது பலி. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

ஒரு போலி நூல்

இனவெறுப்புக்குக் கோட்பாடு மட்டும் போதாது, அச்சமும் தேவை. அதனைத் தந்தது 'ஸீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்னும் போலி ஆவணம். யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடி உலகை அடக்கியாளத் திட்டமிட்டதாகக் கூறும் இந்நூல் 1903-இல் ஜார் ஆட்சிக்கால ரஷ்யாவில் ஒரு நாளிதழில் வெளியாயிற்று. 1921-இல் லண்டன் 'டைம்ஸ்' இதழின் இஸ்தான்பூல் செய்தியாளர் ஃபிலிப் கிரேவ்ஸ் இதன் மோசடியை வெளிப்படுத்தினார். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்து மொரிஸ் ஜோலி 1864-இல் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாகக் களவாடப்பட்டதே அது என்று, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். மூல நூலில் யூதர் பற்றிய பேச்சே இல்லை.

மோசடி வெளிப்பட்ட பிறகும் நூல் மறையவில்லை. 1920-களிலேயே அரபியிலும் அது வந்துவிட்டது. தோல்வி, வறுமை, காலனி அடிமைத்தனம் ஆகியவற்றுக்கு எளிய விடை தேடும் மனத்துக்கு இத்தகைய நூல் ஆறுதல் தருகிறது. சிக்கலான காரணங்களை ஆராயும் உழைப்பிலிருந்து அது வாசகனை விடுவித்துவிடுகிறது. நம் சமூக வெளியீடுகள் சிலவும் இப்போலி நூலை ஆதாரமாகக் கொண்டு எழுதியதுண்டு. செய்தி கொண்டுவருபவனை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கும் மறைக்கு (49:6) உரியவர்கள் நாம். அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து ஹதீஸைத் தரம்பிரித்த அறிவு மரபுக்கும் வாரிசுகள். ஆசிரியர் இன்னாரென்று அறியப்படாத, களவு நிரூபிக்கப்பட்ட ஒரு நூலை நாம் மேற்கோள் காட்டுவது அந்த மரபுக்கே இழுக்காகும்.

ஆட்சி அதனைச் சட்டமாக்கிய விதம்

1933-இல் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இவ்வளவு சிறிய சமூகத்தைக் கோடிக்கணக்கானோர் தம் பகைவராகக் கருதும்படி செய்தது எது? பேச்சும் பத்திரிகையும் வானொலியும் மட்டுமல்ல; அன்றாட அலுவலக நடைமுறைகளே பெரும்பங்கு ஆற்றின.

1933 ஏப்ரல் 1 அன்று யூதக் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் நடத்தப்பட்டது. ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம் 'ஆரியரல்லாதோர்' அரசுப் பணியிலிருந்து விலக்கப்பட வழிசெய்தது. 1935 செப்டம்பர் 15 அன்று நூரம்பர்க் நகரில் அறிவிக்கப்பட்ட சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. யூதருக்கும் பிறருக்கும் இடையே திருமணத்தைத் தடைசெய்தன. இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். யூதர் என்பது இரத்தம் என்றனர். ஆனால் அந்த இரத்தத்தை அளக்க எந்தக் கருவியும் அவர்களிடம் இல்லை. ஆகவே பாட்டன் பாட்டியரின் மதத்தைப் பார்த்தனர். அந்நால்வரில் மூவர் யூத சமயத்தவராயின் பேரன் யூதர் எனப்பட்டார். இனத்தை நிறுவத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் தேடப்பட்டன. அறிவியல் என்று முழங்கிய கோட்பாடு, இறுதியில் ஒரு பழைய பதிவேட்டின் பக்கத்தையே நம்பி நின்றது.

இந்தச் சான்றிதழ் தேடல்தான் வெறுப்பை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வேலைக்கும் திருமணத்துக்கும் ஒவ்வொரு ஜெர்மானியரும் தம் மூதாதையர் பட்டியலைத் தயாரிக்க வேண்டியதாயிற்று. யூதரை நேரில் கண்டறியாத சிற்றூர்வாசியும், தாம் யூதரல்லர் என்று எழுத்தில் மெய்ப்பிக்கும்போது, யூதராயிருப்பது ஒரு குற்றம் என்பதை ஒப்புக்கொண்டவரானார். வெறுக்கத் தெரியாதவரையும் அந்தப் படிவம் வெறுப்பின் பங்காளியாக்கியது.

1938-இல் வேகம் கூடியது. ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேற்பட்ட யூதர் சொத்துகளைப் பதிவு செய்ய ஆணை வந்தது. ஆகஸ்டில் பெயர் ஆணை வந்தது. யூதப் பெயரென்று அடையாளம் தெரியாத பெயருடைய ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'ஸாரா' என்றும் கூடுதல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. நிறுவனத்தின் மீதிருந்த யூதப் பெயரை அழித்த அரசே மனிதரின் மீது யூதப் பெயரை ஒட்டியது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: உடைமையிலிருந்து யூதரை மறைப்பது, தாக்குவதற்கு யூதரை வெளிக்காட்டுவது. யஃகூப் (அலை), ஸாரா (அலை) ஆகியோரைக் குறித்த கண்ணியமிக்க பெயர்கள் இழிவின் முத்திரையாக்கப்பட்டன. நவம்பர் 9 இரவு தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. மூன்று நாட்களில், இழப்பைச் சந்தித்த யூத சமூகத்தின் மீதே 100 கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகள் பிரச்சினையை விவாதித்தன. அனுதாபம் பெருகியது, கதவுகள் திறக்கவில்லை. வெறுப்பு பரவுவதற்கு வெறுப்பவர்கள் மட்டும் காரணமல்லர். 1941 ஜூனில் சோவியத் மீது படையெடுத்ததும் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக்கொல்லும் படலம் தொடங்கியது. 1945-இல் போர் முடிந்தபோது அறுபது இலட்சம் யூதர்கள் அழிக்கப்பட்டிருந்தனர்.

இத்தாலியும் லிபியாவும்

பாசிசம் என்னும் பெயருக்கு உரிய மூல ஆட்சி இத்தாலியினுடையது. முசோலினி 1922-இல் ஆட்சிக்கு வந்தார். ஏறத்தாழ 47,000 யூதர்கள் வாழ்ந்த அந்நாட்டில், பதினாறு ஆண்டுகள்வரை யூத எதிர்ப்பு அரசின் சட்டமாக இல்லை. பாசிசக் கட்சியிலேயே யூத உறுப்பினர்கள் இருந்தனர். 1938 ஜூலையில் 'இன அறிக்கை' வெளியாயிற்று. செப்டம்பரில் யூத மாணவரும் ஆசிரியரும் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். நவம்பருக்குள் திருமணம், சொத்து, பணி அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்டன. ஒரு சில மாதங்களில் அண்டை வீட்டார் அந்நியரானார்.

ஹிட்லருடனான நட்பு இதற்கு ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பே இனவெறிக்கான பயிற்சிக் களம் ஆப்பிரிக்காவில் அமைந்திருந்தது. லிபியாவின் கிழக்குப் பகுதி மக்களை 1930 முதல் முள்வேலி முகாம்களில் அடைத்துப் பல்லாயிரவரைப் பசிக்கும் நோய்க்கும் பலியாக்கியது இத்தாலி. 1931 செப்டம்பர் 16 அன்று முதுபெரும் போராளி உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டார். எத்தியோப்பியாவைக் கைப்பற்றிய பின், 1937-இல் இத்தாலியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையேயான உறவைத் தண்டனைக்குரியதாக்கிய ஆணை வந்தது. அதாவது, இனத்தின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் சட்டத்தை ரோம் முதலில் எழுதியது ஆப்பிரிக்கருக்காக. அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சியை யூதருக்காக எழுதியது. 1942-இல் லிபியாவின் யூதர்கள் ஜாதோ முகாமில் அடைக்கப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முஸ்லிம்களை முகாம்களில் அடைத்த அதே ஆட்சி, பத்தாண்டு கழித்து அதே நாட்டின் யூதர்களை அடைத்தது.

இந்த முசோலினிதான் 1937-இல் திரிப்போலிக்கு வந்து 'இஸ்லாத்தின் வாள்' ஒன்றைக் கையில் ஏந்தித் தம்மை முஸ்லிம்களின் காவலராக அறிவித்துக்கொண்டார். 1934 முதலே பாரி நகர வானொலி அரபியில் பேசி வந்தது. 1939-இல் ஜெர்மனியின் ட்ஸேஸன் வானொலியும் அரபியில் பேசத் தொடங்கியது. திருக்குர்ஆன் ஓதலோடு நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின; இடையிடையே ஐரோப்பிய யூத வெறுப்பு அரபு நடையில் பரிமாறப்பட்டது. அரபுகளுக்குப் பிரிட்டன்மீதும் ஸியோனிசத்தின்மீதும் இருந்த நியாயமான கோபம் அந்த விதைக்கு நிலமாகப் பயன்படுத்தப்பட்டது.

நம் பக்கத்தின் கணக்கு

யூதர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எக்காலத்தும் பூசலே இருந்ததில்லை என்று நாம் வாதிடவில்லை. மதீனாவில் யூதக் குலத்தாருடன் மோதல் நிகழ்ந்தது. அதற்குக் காரணமாக நம் வரலாற்று நூல்கள் கூறுவது உடன்படிக்கை முறிவை, பிறப்பை அன்று. அதே மதீனாவின் சாசனம் யூதரின் சமயத்தை அவர்களுக்கே உரியதாக ஏற்றது. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) இஸ்லாத்தை ஏற்றபோது அவருடைய குருதி எவர்க்கும் தடையாகத் தோன்றவில்லை. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் யூதப் பிறப்பைச் சொல்லிச் சிலர் புண்படுத்தியபோது, ஹாரூன் (அலை) தம் தந்தை, மூஸா (அலை) தம் சிறிய தந்தை எனப் பெருமையுடன் விடையளிக்குமாறு நபி (ஸல்) கற்பித்தார்கள். யூதர் ஒருவரின் சடலம் கடந்து சென்றபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரன்றோ என்று வினவினார்கள். வேதக்காரர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்று திருமறை (3:113) வேறுபடுத்திக் காட்டுகிறது. கொள்கையைக் கண்டிப்பதற்கும் குருதியை வெறுப்பதற்கும் இடையே உள்ள கோடு இதுவே.

பின்னாளைய ஆட்சிகள் அக்கோட்டை எப்போதும் காத்தன என்றும் சொல்வதற்கில்லை. முவஹ்ஹிதீன்களின் நெருக்கடியால் மூஸா இப்னு மைமூன் அந்தலுஸை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும் அவர் அடைக்கலம் புகுந்தது மற்றொரு முஸ்லிம் நாட்டில்தான். கெய்ரோவில் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவை வட்டாரத்தில் மருத்துவராக அவர் விளங்கினார். 1492-இல் வெளியேற்றப்பட்ட யூதர்களை உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் வரவேற்றார். யூதர்கள் சடங்குக்காக மனித இரத்தம் எடுக்கிறார்கள் என்னும் ஐரோப்பியப் பழி 1840-இல் டமாஸ்கஸில் பிரெஞ்சுத் துணைத்தூதரின் ஊக்கத்தால் கிளப்பப்பட்டபோது, அது பொய்யென மறுத்து ஆணை பிறப்பித்தவர் சுல்தான் அப்துல் மஜீத்.

இரண்டாம் உலகப் போரில் ஜெருசலேம் முஃப்தி அமீன் அல்ஹுஸைனி பெர்லினில் தங்கி நாஜிக்களுக்குத் துணைபோனார். 1941 நவம்பர் 28 அன்று ஹிட்லரைச் சந்தித்தார். வானொலியில் யூத வெறுப்பை முழங்கினார். இதனை மறைக்கவோ நியாயப்படுத்தவோ நமக்கு உரிமையில்லை. அதே வேளை, படுகொலைத் திட்டத்தை ஹிட்லருக்கு அவரே ஊட்டினார் என 2015-இல் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு கூறியதை வரலாற்றறிஞர்கள் மறுத்தனர். அச்சந்திப்புக்கு முன்பே கொலைகள் பெருகிவிட்டிருந்தன.

முஃப்தி ஒருவரல்லர் நம் சாட்சி. பெர்லினில் பணியாற்றிய எகிப்திய மருத்துவர் முஹம்மத் ஹெல்மி நாஜிக்களால் தாழ்ந்த இனத்தவராக நடத்தப்பட்டு வேலையிழந்தவர்; சிறையும் கண்டவர். அந்நிலையிலும் யூத இளம்பெண் ஒருவரைப் போர் முடியும்வரை மறைத்துக் காத்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அல்பேனியாவில், வாக்குறுதியைக் காப்பது உயிரினும் மேலென்னும் மரபின்படி மக்கள் யூதர்களைத் தம் வீடுகளில் ஒளித்தனர். போர் முடிந்தபோது அங்கே முன்பிருந்ததைவிட அதிகமான யூதர்கள் உயிரோடிருந்தனர். திப்பு சுல்தானின் வழிவந்தவரும் ஸூஃபி ஹஸ்ரத் இனாயத் கானின் மகளுமாகிய நூர் இனாயத் கான், பாரிஸில் இரகசிய வானொலியை இயக்கிப் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

இந்தியாவுக்கு வந்த விதை

இந்த வரலாறு நமக்கு அயலானது அன்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சே 1931 மார்ச் 19 அன்று ரோமில் முசோலினியைச் சந்தித்து, இளைஞர் பயிற்சி அமைப்புகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். 1939-இல் கோல்வால்கர் பெயரில் வந்த 'நாம் அல்லது நமது தேசியத்தின் வரையறை' என்னும் நூல், ஜெர்மனி யூதர்களைக் களையெடுத்ததைத் தேசியப் பெருமிதத்தின் உச்சமாகக் காட்டி, இந்தியா அதிலிருந்து பாடம் கற்கலாம் என்று எழுதியது. அந்நூலைத் தாங்கள் ஏற்கவில்லை என்று அவ்வியக்கத்தார் பின்னாளில் அறிவித்தனர். எனினும் அதில் யூதர் என்னும் இடத்தில் எவர் பொருத்தப்பட்டனர் என்பதை இந்திய முஸ்லிம்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஹிட்லரின் நூல் இன்றும் இந்தியப் புத்தகக் கடைகளில் தன்முன்னேற்ற நூல்களின் அருகே விற்பனையாகிறது. அதனை வியந்து வாங்கும் முஸ்லிம் இளைஞர், தம்மையே குறிவைக்கும் கருவியை வியக்கிறார் என்று உணர்வதில்லை.

நாம் எங்கே நிற்பது?

1938 நவம்பரில், ஜெர்மனியில் கண்ணாடிகள் நொறுங்கிய சில நாட்களில், காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் யூதர்களைப் பற்றி எழுதினார். யூதர்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு வரலாற்றில் இணையில்லை என்றார். அதே கட்டுரையில் ஃபலஸ்தீனம் அரபுகளுக்கு உரியது, அவர்கள்மீது யூதர்களைத் திணிப்பது அநீதி என்றும் உரைத்தார். யூதர்கள் அகிம்சையால் எதிர்க்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரை கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் ஓர் அநீதியை மறுக்க மற்றோர் அநீதியை மறைக்க வேண்டியதில்லை என்னும் அவருடைய நிலை இன்றும் வழிகாட்டத்தக்கது.

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பல்லாயிரம் உயிர்கள் அழிக்கப்பட்டதைக் கண்ட நெஞ்சம் கொதிக்காதிருக்க முடியாது. அக்கொதிப்பு நியாயமானது. ஆனால் ஓர் அரசின் செயலுக்கு ஒரு சமயத்தவர் அனைவரையும் குற்றவாளியாக்கும்போது, நாம் எதிர்க்கும் கோட்பாட்டையே நாம் கையாள்கிறோம். அந்தப் போரை எதிர்த்துத் தெருவில் இறங்கிய யூதர்களும் உண்டு. ஸியோனிச அரசியலை விமர்சிப்பதெல்லாம் யூத வெறுப்பே என்று கூறி வாயடைக்க முயல்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் தரக்கூடிய வலுவான விடை, நம் எழுத்தில் அந்த வெறுப்பின் நிழலும் படியாதிருப்பதே. போலி நூல்களையும் ஐரோப்பியப் பழிகளையும் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு முறையும் ஃபலஸ்தீனரின் வழக்கை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடலாகாது என்னும் இறைக் கட்டளை (5:8) பகைவர் இல்லாத காலத்துக்காக அருளப்பட்டதன்று. வெறுப்பதற்குக் காரணம் இருக்கும்போதே அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஓரன்ஷ்டைன், கோப்பல் என்னும் பெயர்களை ஓர் அரசு பலகையிலிருந்து துடைத்தெறிந்தது. மனிதரைப் பெயராலும் பாட்டனாராலும் பதிவேட்டாலும் குற்றவாளியாக்கும் அந்த நடைமுறை எந்நாட்டில், எம்மக்கள் மீது ஏவப்பட்டாலும் அதனை இனங்கண்டு எதிர்ப்பது முஸ்லிமின் கடமை. அது நம்மை நோக்கி வரும்போது மட்டும் எதிர்ப்பவராக நாம் இருத்தலாகாது.